ஒயின் இல்லாத ஒயின் ஷாப்

பிராந்தியும் ரம்மும் விற்கிற கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர் வைத்த புண்ணியவானுக்குக் கோயிலே கட்டலாம். டாஸ்மாக் சில்லறைக் கடைகள் வந்தது 2003-ல். நம் வாயில் இன்னும் ஒயின் ஷாப்தான். உள்ளே போய் ஒயின் கேட்டுப் பாருங்கள்... மேலும் கீழும் பார்ப்பார்கள்.

நிஜமாகவே ஒயின் போடத் தெரிந்தவர்கள் சாந்தோம் பக்கத்துப் பழைய கத்தோலிக்க, ஆங்கிலோ இந்திய வீடுகளில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒன்றரை மாதம் முன்பே கறுப்புத் திராட்சை வந்து இறங்கும். கழுவி, ஈரம் போக உலர்த்தி, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்போடு பீங்கான் ஜாடியில் போட்டு வாயில் துணி கட்டுவார்கள். தினம் மரக்கரண்டியால் கிளறணும். மூன்று வாரம் கழித்து வடிகட்டி, மறுபடி வைத்துத் தெளியவிடணும். நிறம் போதாதென்று சர்க்கரையைக் கருக்கிச் சேர்க்கிறவர்களும் உண்டு. நாற்பது வருஷமாகப் போடுகிற பாட்டிக்கும் ஜாடியைத் திறக்கும்போது ஒரு பயம் இருக்கும். காடியாகிப் போயிருந்தால்?

இந்தப் பாட்டி, 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றவாளி! உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. ஒயினும் அதில் அடக்கம். நாலு தெரு தள்ளிப் பேராலயத்தில் பூசைக்கு ஒயின் உண்டு. அதற்குத் தனி அனுமதி இருக்கிறது. ஆண்டவருக்கு லைசென்ஸ், பாட்டிக்கு கேஸ்.

சட்டத்தைக் காக்க வேண்டிய அரசாங்கமோ 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் மூலம் 45,855 கோடி ரூபாய் பார்த்தது. துறையின் பெயர், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை. சிரிக்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம்! விற்கிற சரக்காவது ஒழுங்கா? திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தால்தான் பிராந்தி. இங்கே பெரும்பாலும் சர்க்கரை ஆலை மொலாசஸில் எடுத்த ஆல்கஹாலுக்கு நிறமும் வாசனையும் ஏற்றி பிராந்தி என்கிறார்கள்.

'கள்ளக்குறிச்சியை மறந்துட்டீங்களா சார்?' என்பீர்கள். மறக்கவில்லை. 2024 ஜூனில் அங்கே 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனாலால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். அதையும் பாட்டியின் ஜாடியையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆல்கஹால் பதினைந்து சதவீதத்தைத் தொடுவதற்குள் ஈஸ்ட் தானாகவே ஓய்ந்துவிடும். டாஸ்மாக் குவார்ட்டரில் 42.8 சதவீதம்.

இது பாட்டிகளின் பிரச்னை மட்டுமில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிப் பெருமைப்பட்டோம். விலை விழுந்தால் அந்தப் பழத்தை விவசாயி என்ன செய்வார்? மகாராஷ்டிரா 2001-லேயே ஒயினுக்கென்று கொள்கை போட்டது. நாசிக் இன்று ஒயின் ஊர். கேரளா 2022-ல் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கச் சிறு ஆலைகளுக்கு விதி வகுத்தது. நாம்?

வீட்டு உபயோகத்துக்கு வருஷத்துக்கு இத்தனை லிட்டர் போட்டுக்கொள், விற்காதே என்று ஒரு விதி எழுத எத்தனை நாள் ஆகும்? 2016 மே மாதம் டாஸ்மாக் கடை திறக்கிற நேரத்தைப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றினார்களே, அதற்கு ஒரே நாள்தான் ஆனது.