மகிழுந்தைத் தாழ்த்தலாமா?



அறிவியல் பாடம், பயிற்றி, தேர்வு என்றே எழுதி வருபவள் இன்று மகிழுந்தின் ஸ்பிரிங்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் என் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

என் மகனுக்கு வயது இருபது. தன் பகுதிநேர வேலைப் பணத்தோடு நாங்கள் கொடுத்ததையும் சேர்த்து ஒரு பழைய பெரோடுவா மைவியை வாங்கினான். வாங்கிய மாதமே, "அம்மா, காடியைக் கொஞ்சம் லோவர் பண்ணட்டுமா?" என்று கேட்டான். நான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் குண்டர் கும்பல் பையன்கள் செய்கிற வேலை. வேண்டாம்" என்றேன். அத்துடன் பேச்சு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து வண்டி தாழ்ந்திருந்தது. நண்பன் ஒருவன் வேலை செய்யும் பட்டறையில், நூறு வெள்ளிக்கும் குறைவான கூலிக்கு, இருந்த ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு பழகிவிட்டது. இதுதான் நான் செய்த இரண்டாவது தவறு.

ஏழு மாதம் சென்றபின், ஒரு மழை மாலையில், ஈப்போவிலிருந்து தாப்பாவை நோக்கி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்து கொண்டிருந்தோம். பின் இருக்கையில் என் தாயார். ஒரு வளைவில் தேங்கிய நீரின்மீது முன்சக்கரங்கள் ஏறியதும் வண்டி திசைமாற்றிக்குக் கட்டுப்படாமல் அடுத்த தடத்துக்குச் சறுக்கியது. அந்த நொடியில் அத்தடத்தில் வேறு வாகனம் இல்லை. அவ்வளவுதான் நாங்கள் தப்பியதற்கான காரணம். மறுநாள் டயர் கடையில் முன்சக்கரங்களைக் கழற்றிக் காட்டினார்கள். வெளிப்பக்க விளிம்பில் பள்ளங்கள் நன்றாகவே இருந்தன. உட்பக்க விளிம்பிலோ ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல டயர்!

அன்றிரவுதான் என் மகனோடு உட்கார்ந்து இதைப் பற்றி முதன்முறையாகப் பேசினேன். அவன் ஏன் அதை விரும்பினான் என்பதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. படிநிலை இரண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நிலைத்தன்மை பாடம் நடத்துகிறேன். ஒரே அளவு அடிப்பாகமுள்ள உயரமான புட்டியையும் குட்டையான புட்டியையும் ஒரு பலகையில் வைத்து, பலகையை மெல்லச் சாய்ப்போம். உயரமானது முதலில் விழும். மாணவர்கள் கைதட்டுவார்கள். என் மகன் கேட்டதும் அதே பாடம்தான். குண்டர் கும்பலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஆகவே நன்மையை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களின் சுமை ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு அதிகமாக மாறும். தரையிலிருந்து 55 செண்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக் கொள்வோம். அதை 3 செண்டிமீட்டர் இறக்கினால், அதே வேகத்தில் அதே வளைவில், மாறும் சுமை 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறையும். சிறிய எண்தான். ஆனால் பொய்யான எண் அன்று. தடம் மாறும்போது வண்டி குறைவாகச் சாயும். திசைமாற்றிக்கு உடனே பணியும். வண்டிக்கடியில் புகும் காற்றும் குறையும் என்பார்கள். நாம் ஓட்டும் வேகத்தில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. அழகு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. என் கண்ணுக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தீமை, தாழ்த்தியதை விட, தாழ்த்திய முறையிலேயே பெரும்பாலும் இருக்கிறது. ஸ்பிரிங்கின் சுற்று குறையக் குறைய அது விறைக்கும். இயங்கும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால், மிஞ்சியது ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துவிடும். ஆனால் அதன் துள்ளலை அடக்க வேண்டிய அப்சோர்பர் பழைய விறைப்புக்காகச் செய்யப்பட்டது. புதிய துள்ளலை அதனால் முழுமையாக அடக்க இயலாது. மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். சாலையைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் உதவாது, திரும்பவும் உதவாது. நல்ல பிடிமானத்துக்காகச் செய்தது பிடிமானத்தையே கெடுத்துவிடுகிறது. மேலும், நீளம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடும். தீயால் வெட்டியிருந்தால் எஃகின் பதமும் கெட்டிருக்கும்.

டயர் தேய்ந்த கதைக்கு வருகிறேன். மைவி போன்ற வண்டிகளின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பர்சன் அமைப்பு. உடல் கீழே இறங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் கோணம் மாறுகிறது. சக்கரங்களின் சாய்வும் அவை நோக்கும் திசையும் அதனோடு மாறுகின்றன. தாழ்த்தியபின் அலைன்மெண்ட் செய்யாவிட்டால் டயர் தினந்தோறும் சற்றே பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். என் மகனின் வண்டிக்கு யாரும் அதைச் செய்யவில்லை. அவனும் கேட்கவில்லை. வீட்டில் திட்டு விழும் என்று அஞ்சி, வண்டி ஒருபக்கமாக இழுத்ததையும் அவன் எங்களிடம் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று பொருத்துவது பொறியாளர்களின் தனிக்கலை. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. சத்ரியா ஜிடிஐ சாலையை எப்படிப் பற்ற வேண்டும் என்பதை லோட்டஸ் பொறியாளர்கள் சீர்செய்தார்கள். இன்றும் நம் இளைஞர்கள் அந்த வண்டியைப் பெருமையோடு பேசுகிறார்கள். பேசிவிட்டு, தம் வண்டியின் ஸ்பிரிங்கை அறுவை இயந்திரத்தின் கீழ் வைக்கிறார்கள்.

சரியான வழி உண்டு. வண்டியின் வகைக்கென்றே செய்த தாழ்வான ஸ்பிரிங், அதற்கேற்ற அப்சோர்பர், பொருத்தியபின் அலைன்மெண்ட். இவை மூன்றும் சேர்ந்தால் செலவு நூறு வெள்ளியில் நிற்காது. அதனால்தான் பணமில்லாத பையன் வெட்டச் சொல்கிறான். சட்டமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் வண்டியின் அமைப்பை நம் விருப்பப்படி மாற்ற இடம் தரவில்லை; முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

நம் சாலைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் வேகத்தடை மேட்டில், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் ஒரு தாழ்ந்த வண்டி உரசாத நாளில்லை. குடும்பத்தோடு நால்வர் ஏறினால் அது மேலும் தாழும். என் தாயார் வாழும் தோட்டத்துச் செம்மண் சாலையில் எண்ணெய்த் தொட்டி அடிபட்டால் உதவிக்கு எவரும் வரமாட்டார்கள். திடீர் வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். கணிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தாழ்ந்த மகிழுந்து வரையும் ஆறாம் ஆண்டு மாணவனைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றுகிறது? "இவன் உருப்படமாட்டான்" என்று ஆசிரியர் அறையில் சொல்லப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன், நானும் தலையாட்டியிருக்கிறேன். அவனிடம், "ஏன் தாழ்வாக வரைந்தாய்?" என்று கேட்டிருந்தால் புட்டிப் பரிசோதனைக்கு அவனே விளக்கம் தந்திருப்பான். பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்கிறான் என்றால் இன்னும் வெட்டவில்லை என்று பொருள். அப்போது பேசுங்கள். எந்தப் பட்டறை, எந்த ஸ்பிரிங், எத்தனை செண்டிமீட்டர், அலைன்மெண்ட் உண்டா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வதானாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

மைவிக்கு இப்போது பழைய உயரத்தில் புதிய ஸ்பிரிங் மாட்டியாயிற்று. முன்பக்க டயர் இரண்டும் புதியவை. மூன்று செண்டிமீட்டர் மட்டும் இறக்கும் ஒரு தொகுதிக்கு அவன் விலை விசாரித்து வந்திருக்கிறான். ஜேபிஜேவிலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டு, பதிலைக் கொண்டுவந்து காட்டினால் பாதிப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போவதாகச் சொன்னான். இதற்கிடையில் புகைபோக்கியைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமாம். புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டேன்.