நெஞ்சு படபடப்பது ஏன்?



கல்யாண வீட்டில் வெடி கொளுத்தினாலும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது என்று உங்களில் பலர் என்னிடம் சொல்கிறீர்கள். இது கோழைத்தனமோ என்றும் கேட்கிறீர்கள். இல்லை. உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

சிறுநீரகங்களின் மேலே அதிரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் கலங்களுக்குள் அதிரினலின் என்ற ஓமோன் மிகச் சிறிய பைகளில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பையின் உறைக்கும் கலத்தின் உறைக்கும் அடிப்படை இலிப்பிட்டு எனும் கொழுப்புத்தான். நாம் திடுக்கிட்டதும் நரம்பு வழியே செய்தி வருகிறது. கல்சியம் கலத்தினுள் புகுகிறது. சில புரதங்கள் இரண்டு உறைகளையும் நெருக்கிப் பிடிக்கின்றன. இரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஒன்றாவதுபோல அவை ஒன்றாகிவிட, பையின் வாய் திறந்து அதிரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கலங்களுக்குள் இப்படிப் பைகள் உரிய இடம் சேரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2013 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அன்று ஓடித் தப்ப உங்களுக்கு உதவியதும் இதுதான். ஆபத்து நீங்கிய பின்னும் உடம்பு அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. படபடப்பு வரும்போது ஓரிடத்தில் இருந்து, மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். நித்திரை கெடுமளவுக்குத் தொடர்ந்தால் அரசாங்க வைத்தியசாலையில் மனநல வைத்தியரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.