காசு பெட்டிக்கா, கம்பிக்கா?

மட்டக்களப்பில் இன்று கட்டப்படும் புதிய வீடுகள் பலவற்றில், சுவர் பூசி, தரைக்கு மாபிள் பதித்து, வர்ணமும் அடித்து முடிந்த பின்னரே பாட்டுக் கேட்கும் கருவி பற்றிய யோசனை வருகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் காசில் பெரிய பெட்டிகள் இரண்டு வந்திறங்குகின்றன. "எத்தனை வோட்ஸ்?" என்பதே முதற் கேள்வி. வயர் எந்த வழியாகப் போகும் என்று கேட்பாரில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து.

வோட்ஸ் என்பது பலரும் நினைப்பதுபோல் ஓசையின் அளவன்று. 50 வோட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காது அதைச் சிறு வேறுபாடாகவே உணரும். ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு மின்வலு வேண்டும். ஆக, பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி வீண்.

நம் வாவி மீனவர் இதனை நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். நிலவு நாளில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து அவர்கள் வாவியின் பாட்டைக் கேட்டனர். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தம் நூலில் அந்த இசையை விவரித்திருக்கிறார். மெல்லிய ஓசை காதுக்கு வந்து சேர வேண்டியவை இரண்டு: நல்ல வழி, சுற்றிலும் அமைதி. அங்கே துடுப்புதான் வழி, வீட்டில் வயர்.

ஆகவே சுவர் பூசுமுன் பெட்டிகளின் இடத்தைக் குறித்து, அங்கெல்லாம் குழாய் பதித்துவிடுங்கள். இரு பெட்டிகளும் கேட்பவரும் முக்கோணத்தின் மூன்று மூலைகளாக அமைவது நன்று. 10 மீற்றர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போட்டால், போக வர அதன் தடை ஏறத்தாழ 0.7 ஓம். 8 ஓம் பெட்டிக்கு இது அதிகம். 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பியில் அது 0.23 ஓமாகக் குறையும். இரண்டு கம்பிகளுக்கும் உள்ள விலை வித்தியாசம், பெட்டியின் விலையோடு பார்த்தால் அற்பமே. 230 வோல்ற் மின்கம்பி ஓடும் குழாயில் இதனைச் சேர்க்காதீர்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ஒரு பெட்டியில் மட்டும் நேர், எதிர் முனைகள் மாறினால் அடித்தொனி மெலிந்துவிடும். மத்தளம் தகரம் போலக் கேட்கும். கடற்காற்றில் செம்பு பச்சை பிடிப்பதால், வெள்ளீயம் பூசிய கம்பி நம்மூருக்கு ஏற்றது. வெறுஞ்சுவரும் மாபிள் தரையும் எதிரொலிக்கும். ஒரு பாயும் தடித்த திரைச்சீலையும் அதனை அடக்கும்.

இனிச் சொல்வது இசை பற்றியதன்று, உயிர் பற்றியது. இரைச்சல் கேட்கிறது என்று பிளக்கின் ஏர்த் முனையைக் கழற்றிவிடும் வழக்கத்தை நான் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன். இரைச்சல் நின்றுவிடும். ஆனால் உள்ளே மின் கசிந்தால், உலோக உறையைத் தொடும் குழந்தைக்கு இருந்த காவலும் போய்விடும். இரைச்சலுக்கு மருந்து வயரின் வழியைத் திருத்துவதே. ஏர்த்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் அவற்றைப் போட்ட பிறகே பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இடி மின்னல் வேளையில் பிளக்கைக் கழற்றி வைப்பது அதற்கு மேலான காவல்.

சுவாமி விபுலாநந்தர் யாழ் நூலை எழுதியபோது, நரம்புகளின் அளவையும் சுருதியையும் கணித்தே மறைந்துபோன கருவியை மீட்க முனைந்தார். 1947இல் அந்நூல் அரங்கேறியது. இசைக்குக் கணக்கு வேண்டும் என்று காட்டியவர் பிறந்த மண் இது. வீட்டுக்கு வரைபடம் கீறும் நாளிலேயே ஒரு பென்சிற் கோட்டால் வயரின் வழியையும் குறித்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குச் செலவில்லை. பூசிய சுவரை உடைப்பதற்குத்தான் செலவு.