சல்சா கிளப்: ஆடுறதுக்கு 15 டாலர், உக்காந்திருக்க 155 டாலர்!



போன வாரம் லைவ்ல ஒருத்தர் கேட்டாரு: "ப்ரோ, எப்பவும் சேமிங்க, எஸ்ஐபி போடுங்கன்னே சொல்றீங்களே, ஜாலியா எங்கயாச்சும் போவீங்களா மாட்டீங்களா?" போவேன். போய் நல்லா அடியும் வாங்கியிருக்கேன். அந்தக் கதைதான் இன்னிக்கு.

நியூயார்க்ல எங்க ப்ராஜெக்ட் கோ-லைவ் ஆன சந்தோஷத்துல, ஆபீஸ் ஆளுங்க ஆறு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி பெரிய லத்தீன் டான்ஸ் கிளப் ஒண்ணுக்குப் போனோம். ரெண்டு மாடி. கீழே ட்ரம்பெட், காங்கா, பியானோன்னு லைவ் பேண்டோட சல்சா. மேலே டிஜே வெச்சு பச்சாட்டாவும் ரெகேட்டானும். எங்க குரூப்ல ஒருத்தர் டொமினிகன் நாட்டுக்காரர். அவருக்கு பச்சாட்டா, நமக்கு குத்துப்பாட்டு மாதிரி. மீதி அஞ்சு பேருக்கும் ஒண்ணும் தெரியாது.

நாங்க போனது பதினொன்றரை மணிக்கு. வாசல்ல என்ட்ரி ஆளுக்கு 25 டாலர். பக்கத்துல நின்னவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "டேபிள் எடுத்தா ஆறு பேருக்கும் என்ட்ரி ஃப்ரீ." 150 டாலர் மிச்சம்! உடனே தலையாட்டிட்டோம். டேபிளுக்கு குறைஞ்சது ரெண்டு பாட்டில் வாங்கணும், ஒரு பாட்டில் 300 டாலர்னு உள்ள போய் உக்காந்த பிறகுதான் தெரிஞ்சது. கடையில 35 டாலருக்குக் கிடைக்கிற அதே வோட்கா.

கணக்கைப் பாருங்க

பாட்டில் ரெண்டு: 600 டாலர்
நியூயார்க் சேல்ஸ் டேக்ஸ் 8.875%: 53.25 டாலர்
கிராஜுவிட்டி 20%: 120 டாலர்
மொத்தம்: 773.25 டாலர்

இதோட முடியல. கார்டு மெஷின்ல "டிப்ஸ் எவ்வளவு?"னு திரும்பவும் கேட்டுச்சு. எங்க ஆள் ஒருத்தர் அந்த இருட்டுல, சத்தத்துல 20% அமுக்கிட்டாரு. இன்னொரு 154.65 போச்சு. நம்ம ஊர்ல கிராஜுவிட்டின்னா வேலையை விட்டு வரும்போது கம்பெனி தர்ற காசு. அமெரிக்க பில்லுல கிராஜுவிட்டின்னா டிப்ஸ். அதை ஏற்கனவே பில்லுல போட்டுட்டாங்கன்னு யாரும் கவனிக்கல.

ஃபைனல் பில் 927.90. ஆறால வகுத்தா ஆளுக்கு 154.65. அந்த ரெண்டாவது டிப்ஸும் அதே 154.65! அதாவது நிஜ பில்லை அஞ்சு பேரோட பங்கே அடைச்சிருக்கும். ஆறாவது ஆளோட பங்கு முழுக்க தப்பு பட்டனுக்குப் போச்சு. 150 டாலர் மிச்சம் பிடிக்கப் போன கதை இது.

சரி, ஆடினோமா? நான் ஆடினது மொத்தமே பத்து நிமிஷம். 600 டாலர் சரக்கை டேபிள்ல விட்டுட்டு எழுந்து போக மனசு வரல. குடிக்கப் பிடிக்காட்டியும் காசு போட்டாச்சேன்னு குடிச்சோம். போட்ட காசுக்காக மேல மேல நஷ்டப்படுற இதைத்தான் 'சங்க் காஸ்ட்'னு நானே வீடியோல கிளாஸ் எடுத்திருக்கேன்!

அந்தப் பெரியவர்

எங்க டேபிளுக்கு நேர் எதிர்ல ஒருத்தர் ஆடிட்டு இருந்தாரு. அறுபது வயசுக்கு மேல இருக்கும். தோள்ல ஒரு துண்டு, மாத்திக்க ஒரு சட்டை, ஒரு தண்ணி பாட்டில். அவ்வளவுதான் அவர் கொண்டு வந்தது. பாட்டுக்கு ஒரு ஜோடின்னு விடாம ஆடினாரு. டொமினிகன் நண்பர்கிட்ட கேட்டேன். "இவங்கெல்லாம் ஒன்பது மணிக்கே வந்துடுவாங்க. பத்து மணிக்குள்ள வந்தா என்ட்ரி 15 டாலர்தான், அதுல ஒரு மணி நேர கிளாஸும் சேர்த்தி"ன்னாரு.

அப்பதான் இந்த பிசினஸ் புரிஞ்சது. நல்லா ஆடுறவங்க குடிக்க மாட்டாங்க. குடிச்சா சுத்த முடியாது. அவங்களை நம்பி மட்டும் கிளப் நடத்த முடியாது. ஆனா அவங்க இல்லேன்னா ஃப்ளோர் காலியா கிடக்கும், எங்களை மாதிரி ஆளுங்க வரமாட்டோம். அவங்க ஆட்டத்தைப் பாக்க வர்றவங்ககிட்ட கிளப் பாட்டில் விக்குது. அவர் 15 டாலர்ல ஆடினதுக்கு மீதிக் காசு கொடுத்தது நாங்கதான்.

இதுக்கு வரலாறே இருக்கு. மன்ஹாட்டன்ல பிராட்வேயும் 53-வது தெருவும் சேர்ற இடத்துல பல்லேடியம்னு ஒரு பால்ரூம் இருந்தது. 1950-கள்ல மாம்போ நடனத்துக்கு அதுதான் தலைநகரம். மச்சீட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரோட்ரிகஸ் மூணு பேரோட பேண்டும் அங்க வாசிச்சிருக்கு. புதன்கிழமை டான்ஸ் கிளாஸ் உண்டு. போர்ட்டோ ரிக்கோக்காரங்க, கறுப்பினத்தவர், இத்தாலியர், யூதர் எல்லாரும் ஒரே ஃப்ளோர்ல ஆடின இடம். 1961-ல ஒரு போலீஸ் ரெய்டுக்குப் பிறகு அதோட மது லைசென்ஸ் போச்சு. 1966-ல மூடிட்டாங்க. அவ்வளவு பெரிய பேருக்கும் பார் வருமானம் வேணும்.

அதனால கிளப்பைத் திட்டல. பாட்டில் விக்கிறது அவங்க வேலை. விலை கேக்கிறது நம்ம வேலை. அந்த வேலையை நாங்க செய்யல.

உறுத்தினது எது?

எங்க ஆறு பேர்ல ஒரு தம்பி, படிப்பு முடிச்சு வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான் ஆச்சு. ஊர்ல எஜுகேஷன் லோன் ஓடிட்டு இருக்கு. அவன் குடிக்கவே மாட்டான். அன்னிக்கு ஒரு கோக்தான் குடிச்சான். பில் வந்ததும் எல்லாரும் போன்ல பங்கை அனுப்பினோம். அவனும் ஒண்ணும் பேசாம 154.65 அனுப்பினான்.

திங்கக்கிழமை லஞ்ச்ல கேட்டேன், ஏன்டா சொல்லலைன்னு. "பரவால்லண்ணா, ரெண்டு வாரம் மளிகையில பாத்துக்கிறேன்"னான். அவன் பங்கைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கல. சேனல்ல லட்சம் பேருக்கு பட்ஜெட் சொல்ற நான், அந்த டேபிள்ல "அவன் குடிக்கல, அவனை விட்டுடுங்க"ன்னு ஒரு வார்த்தை பேசல. கஞ்சன்னு நெனச்சுப்பாங்களோன்னு பயம்.

என் கருத்து இதுதான்: பில்லை சரிசமமா பிரிக்கிறது எப்பவும் நியாயம் இல்லை. அதுல அதிகமா நசுங்குறது கம்மியா சம்பாதிக்கிறவன்தான், அவன் வாயைத் திறக்கவும் மாட்டான். அதனால குரூப்லயே அதிகம் சம்பாதிக்கிறவர்தான் முதல்ல விலையைக் கேக்கணும்.

ரெண்டாவது தடவை

மூணு வாரம் கழிச்சு அந்தத் தம்பியைக் கூட்டிக்கிட்டு அதே கிளப்புக்கு ஒன்பது மணிக்குப் போனேன். என்ட்ரி 30, கோட் வைக்க 10, தண்ணி 12, டிப்ஸ் 2. ரெண்டு பேருக்கும் சேர்த்து 54 டாலர். கிளாஸ்ல "ஊனோ, தோஸ், த்ரேஸ்"னு எண்ணிக்கிட்டே கால் வெச்சோம். நாலுலயும் எட்டுலயும் நிக்கணும், நான் நிக்காம பக்கத்துல இருந்தவங்க காலை மிதிச்சேன். ரெண்டு மணி நேரம் ஆடினோம். தம்பி அன்னிக்கு சிரிச்ச மாதிரி ஆபீஸ்ல நான் பாத்ததே இல்லை.

"அந்த 54 டாலரையும் இன்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டிருந்தா 20 வருஷத்துல..."னு கமெண்ட் வரும். வேணாம் நண்பர்களே. சந்தோஷத்துக்கு பட்ஜெட்டே ஒதுக்காதவங்கதான், ஒருநாள் மொத்தமா பாட்டில் டேபிள்ல போய் உக்காருறாங்க. அன்னிக்கு நான் உக்காந்த மாதிரி.

நீங்க போனா இதை மட்டும் செய்யுங்க

1. "ஃப்ரீ"ன்னு யாராச்சும் சொன்னா, டேக்ஸ், டிப்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு உக்காருறதுக்கு முன்னாடி கேளுங்க.
2. பில்லுல கிராஜுவிட்டி இருக்கான்னு பாத்துட்டு மெஷினைத் தொடுங்க. சர்வர்களுக்கு டிப்ஸ்தான் வருமானம், கண்டிப்பா கொடுங்க. ஒரு தடவை கொடுங்க.
3. இந்தியா கார்டு தேய்ச்சா, ரூபாயா டாலரான்னு கேக்கும். டாலர்னு சொல்லுங்க. ரூபாய்னு சொன்னா மோசமான ரேட்ல மாத்திடுவாங்க.
4. குடிக்காதவங்க பங்கை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே தனியா பேசிடுங்க.

உங்க குரூப்ல பில்லை எப்படிப் பிரிக்கிறீங்க? எப்பவாச்சும் வாயைத் திறக்காம காசு கொடுத்துட்டு வந்திருக்கீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.