ஸ்பீடு கேமரா எங்கே இருக்கு? போலீஸ் ஒளிச்சு வைக்க முடியுமா?

சென்னையில் ஸ்பீடு கேமரா இருக்கும் இடங்கள்னு வாட்ஸ்அப்பில் வரும் லிஸ்ட்டை சேவ் பண்ணி வெச்சிருக்கீங்களா? அதைவிட லிமிட் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம்.

2023 ஜூனில், பகலில் 40 கி.மீ.க்கு மேல் போனால் அபராதம்னு போலீஸ் சொன்னதும் கிண்டல் பறந்தது. அந்த நவம்பரில் லிமிட்டை மாற்றினார்கள்: காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதி என்றால் எல்லா வண்டிக்கும் 30தான். மாட்டுறது பெரும்பாலும் இந்த 30 தெரியாமல்தான் இருக்கும்.

சரி, கேமராவை மறைச்சு வைக்கலாமா? மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, 2021ல் சேர்க்கப்பட்டது. கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கை போர்டு கண்ணில் படும்படி இருக்கணும் என்கிறது அது. மரக்கிளைக்குப் பின்னால் இருக்கும் போர்டெல்லாம் கணக்கில் வருமா என்ன? நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பணும்; அதில் படம், இடம், தேதி, நேரம், கருவி பதிவு செய்த அளவு எல்லாம் இருக்கணும். இதில் ஏதாவது இல்லைன்னா, கேள்வி கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கு.

ஆர்.சி.யில் பழைய மொபைல் நம்பர் இருந்தால் மெசேஜ் உங்களுக்கு வராது. முதலில் அதை மாத்துங்க.