பழைய மோட்டாரும் புதிய கணக்கும்



உடையார்பாளையத்தில் கடல் இல்லை. வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில், செம்மண்ணும் முந்திரித் தோப்புகளுமாக விரிந்து கிடக்கும் பூமி இது. இங்கே மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன் படகு மோட்டாரைப் பற்றி எழுதப் புகுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் எங்கள் வட்டாரத்தைத் தொட்டுச் செல்லும் அதே வெள்ளாறுதான் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையிலிருந்து, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார்.

அவருடைய தந்தை சென்ற ஆண்டு இறந்துவிட்டார். குடும்பத்துக்கு அவர் விட்டுச் சென்றவை ஒரு ஃபைபர் படகும், அதன் பின்புறத்தில் மாட்டும் இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் மோட்டாரும்தான். அந்த மோட்டார் நான்கு மாதங்களாக ஓடவில்லை. 25,000 ரூபாய் கொடுத்தால் புதிதுபோல் ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். தாயார் தம் கைவளையல்களைக் கழற்றி வைத்துவிட்டார்.

“வாப்பா இதற்கு ஏற்கெனவே இரண்டு முறை செலவு செய்திருக்கிறார்கள், ஹஜ்ரத். இப்போது விட்டுவிட்டால் அவ்வளவும் வீண்தானே?” என்றார்.

எனக்கு எழுத்தைத் தெரியும், இயந்திரத்தைத் தெரியாது. ஆகவே எங்கள் ஊரில் கிணற்றுப் பாசன ஆயில் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் அவரை அழைத்துச் சென்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பாய், போன பணம் எவ்வளவு என்று இன்ஜினுக்குத் தெரியாது. இனிமேல் எவ்வளவு போகும், அதற்கு என்ன கிடைக்கும், அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.”

எத்தனை எளிய சொல்! ஆயினும் நம்மில் எத்தனை பேர், முன்னர்ப் போட்ட பணத்தைக் காப்பாற்றுவதற்காகப் பின்னரும் பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்!

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் மூவரும் பரங்கிப்பேட்டைக்குச் சென்றோம். வழியில் மெக்கானிக் ஒரு வேறுபாட்டை விளக்கினார். வயல் இன்ஜினைக் குளிர்விப்பது நல்ல தண்ணீர்; அதன் எண்ணெய் அடியில் தனியே நிற்கும். இந்த வகைப் படகு மோட்டாரோ தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கடல்நீரையே உறிஞ்சுகிறது. எரிபொருளோடு கலந்த எண்ணெய்தான் அதன் உள்ளுறுப்புகளுக்கு வழவழப்புத் தருகிறது. எண்ணெய் குறைந்தால் பேரிங் தேயும். உப்பு தங்கினால் அலுமினியம் அரிக்கும். வயல் இன்ஜின் நின்றுபோனால் பயிர் ஒரு நாள் வாடும். கடலில் மோட்டார் நின்றுபோனால் ஆள் கரை சேர்வதே கேள்விக்குறி.

அங்கே அவர் மோட்டாரைப் பார்த்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில் என்பதே அவருடைய ஒழுங்கு.

முதலில் கண்ணால் பார்த்தார். மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டர் தலையைச் சுற்றி வெண்பொடி பூத்திருக்கிறதா, போல்ட்டுகள் உறைந்து கிடக்கின்றனவா, அடிப்பாகத்தில் உடைந்து ஒட்டிய தழும்பு உண்டா என்று நோக்கினார். அடுத்து, கயிற்றை மெல்ல இழுத்துச் சுழல்கிறதா என்று பார்த்தார். அது சுழன்றது. சுழலாதிருந்தால் பிஸ்டன் இறுகிவிட்டதென்று கொள்ளலாம்.

மூன்றாவதாக, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அழுத்தமானியைப் பொருத்திக் கயிற்றை இழுத்தார். ஒரு சிலிண்டர் 90 காட்டியது. மற்றது 60தான் காட்டியது. அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். ஆனால் இரண்டு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து, பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் உள்ளே தேய்மானம் உண்டு. “இதற்கு அஞ்ச வேண்டாம். லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டால் சரியாகும்” என்றார்.

நான்காவதாக, கியர் பகுதியின் எண்ணெயை வடித்தார். அது பால் கலந்த தேநீரைப்போல் வெளுத்திருந்தது. நீர் புகுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். விரலில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் துணுக்குகள் இல்லை. “சீல் மாற்றினால் போதும்” என்றார். மாணவரின் முகம் மலர்ந்தது.

ஐந்தாவது சோதனையில்தான் உண்மை வெளிவந்தது. தலைப்பகுதியைத் திறந்தபோது, குளிர்நீர் ஓடும் பாதையின் சுவர் ஓரிடத்தில் சல்லடைபோல் அரித்திருந்தது. நடுத்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார், அசைவு தெரிந்தது. கிராங்க் பேரிங்கும் போய்விட்டது.

“எப்போதாவது கடலில் விழுந்ததா, தம்பி?” என்று கேட்டார்.

விழுந்திருக்கிறது. ஒரு புயல் நாளில் மூழ்கி, எடுத்த பின் இரண்டு நாள் திண்ணையில் கிடந்திருக்கிறது. உப்புநீரில் மூழ்கிய மோட்டாரை எடுத்தவுடன் திறந்து கழுவ வேண்டும். உடனே முடியாவிட்டால், மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீரில் மூழ்க வைத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால்தான் துரு விரைந்து பரவும். இந்தச் சிறு செய்தி தெரியாமல் போனதன் விலை ஒரு மோட்டார்.

வாசகர்களே, மெக்கானிக் எனக்குக் கற்றுத் தந்த பாடம் இதுதான்: கடையில் வாங்கக்கூடிய பாகம் கெட்டிருந்தால் கலங்காதே, வாங்க இயலாத, அல்லது வாங்கினால் கட்டுப்படியாகாத உடற்பகுதி கெட்டிருந்தால் மயங்காதே. ரிங், கேஸ்கட், சீல், பிளக், நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் ஆகியவை தேயவே பிறந்தவை. உடற்கூடும் நடுத்தண்டும் அப்படியல்ல.

வாங்கக் கிடைக்குமா என்பதற்கு மோட்டாரின் பெயரும் முக்கியம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் மில்வாக்கி நகரில் இத்தகைய மோட்டார்களை விற்கத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்கள் உலகக் கடல்களெங்கும் ஓடின. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் திவாலாகி வேறு கைக்கு மாறியது. 2020இல் அந்தப் பெயரில் மோட்டார் செய்வதே நிறுத்தப்பட்டது. நூறாண்டு கடந்த பெயருக்கே இந்நிலை என்றால், பழைய மோட்டாரை வாங்குமுன்னும் பிரிக்குமுன்னும் அதன் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு உதிரிபாகக் கடையில் விசாரிப்பது எத்தனை அவசியம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு கணக்கு எழுதினோம். முன்பு சொன்ன பழுதுக்கு 25,000 ரூபாய். தண்டும் பேரிங்கும் உடற்கூடும் மாற்ற மேலும் 30,000. ஆக 55,000. பிரித்த பின் தெரியவரும் குறைகளுக்காகக் கால் பங்கு, அதாவது 13,750 சேர்க்கச் சொன்னார். மொத்தம் 68,750 ரூபாய். அதே ஆற்றலுள்ள, ஓடும் நிலையிலிருந்த பழைய மோட்டார் ஒன்றை அதே ஊரில் 75,000 ரூபாய்க்குச் சொன்னார்கள். அதை நீர் நிறைந்த பீப்பாயில் பொருத்தி ஓட்டிக் காட்டினார்கள். பின்புறத்துத் துளையிலிருந்து குளிர்நீர் தடையின்றிப் பீச்சியது. “ஓடுகிற மோட்டாரின் விலையில் பாதிக்குமேல் பழுதுச் செலவு போனால் விட்டுவிட வேண்டும். பாதியைப் புதிதாக்கினாலும் மறுபாதி கிழடுதான்” என்பது மெக்கானிக்கின் தீர்ப்பு.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. அது வெறும் இரும்பன்று. அவருடைய தந்தை பிடித்த கைப்பிடி அதில் இருந்தது. பின்பு மெல்லக் கேட்டார்: “பெயிண்ட் அடித்து அப்படியே விற்றுவிடலாமா, ஹஜ்ரத்? விலைக்குக் கேட்டுப் போயிருக்கிறார்கள்.”

நான் பதில் சொல்லுமுன் மெக்கானிக் கேட்டார்: “வாங்குகிறவன் எத்தனை மைல் கடலுக்குள் போவான், தம்பி?”

அதற்குமேல் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பதை என் பாடத்தில் அந்த மாணவருக்குப் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று அந்தப் பாடம் ஒரு மனிதனின் உயிராக எங்கள் முன் நின்றது.

மோட்டார் பாகம் பாகமாக விலை போயிற்று. உடற்கூட்டின் அரிப்பை வாங்கியவர்களிடம் காட்டியே விற்றார். கிடைத்தது சிறு தொகைதான். தாயாரின் வளையல்கள் மீண்டும் அவர் கைக்கே சென்றன. மாணவர் இப்போது வேறொருவர் படகில் பங்குக்குச் செல்கிறார். ஓடும் மோட்டாருக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறார். கைப்பிடியை மட்டும் விற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய தையல் இயந்திரமோ, ஸ்கூட்டரோ, ஆயில் இன்ஜினோ மூலையில் இருக்கலாம். அதற்குப் பணம் எடுத்து வைக்குமுன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: கெட்டிருப்பது எது, அது வாங்கக் கிடைக்குமா, இனி ஆகும் செலவு எவ்வளவு? இதுவரை ஆன செலவுக்கு அந்தத் தாளில் இடம் கொடுக்காதீர்கள்.