செரி நெகாரா மாளிகையின் வரலாற்றில் எங்களுக்கும் இடம் வேண்டும்
கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் கோரிக்கைச் சாசனம்

மலேசிய அரசுக்கும், தேசிய மரபுடைமைத் துறைக்கும், தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், கசானா நேஷனல் நிறுவனத்துக்கும், கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் வட்டாரத் தமிழர்கள் முன்வைப்பது:

முகவுரை

கோலாலம்பூரின் லேக் கார்டன் மேட்டில் கார்கோசா, செரி நெகாரா என இரண்டு மாளிகைகள் நிற்கின்றன. பிரிக்பீல்ட்ஸுக்கு மிக அருகில் இருந்தும் எங்களில் பெரும்பாலோர் அவற்றின் உள்ளே கால் வைத்ததில்லை. இந்நாட்டை ஆண்டவர்கள் குடியிருந்த வீடுகள் அவை. எங்கள் பாட்டன் பாட்டிகளின் கூலியும் குடியுரிமையும் அவர்கள் கையில்தான் இருந்தன. ஆகவே அந்த வீடுகளின் வரலாறு எங்களுடையதும் ஆகும்.

கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடென்டாக 1896-இல் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹமுக்காகக் கட்டப்பட்டது கார்கோசா. பக்கத்திலிருக்கும் செரி நெகாராவை அன்று கிங்ஸ் ஹவுஸ் என்றழைத்தார்கள். கோலாலம்பூருக்கு வரும் ஆளுநர் தங்கிய அந்த இல்லம், போருக்குப் பின் பிரிட்டிஷ் ஹைகமிஷனரின் வீடானது. ஹைகமிஷனர்களான ஹென்றி கர்னியும் ஜெரால்டு டெம்ப்ளரும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தில் அங்கு குடியிருந்தார்கள்.

1957 ஆகஸ்ட் 5 அன்று ஹைகமிஷனர் டொனால்ட் மெக்கில்லிவ்ரேயும் மலாய் ஆட்சியாளர்களும் மலாயா கூட்டரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இந்த கிங்ஸ் ஹவுஸில்தான். விடுதலை நாட்டின் அரசமைப்புச் சட்டம் அந்த ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. இருபத்தாறு நாளில் மெர்டேக்கா எனும் விடுதலை வந்தது.

கார்கோசா போன வழி வேறு. 1956-இல் துங்கு அப்துல் ரஹ்மான் அதைப் பிரிட்டனுக்கு அன்பளிப்பாக அளித்தார். நாடு விடுதலை பெற்ற பிறகும் பிரிட்டிஷ் தூதரே அங்கு குடியிருந்தார். திரும்பத் தரவேண்டும் என்ற குரல் வலுத்ததும் 1987-இல் அது மலேசியாவிடம் வந்தது. 1989-இல் இரு மாளிகைகளும் சொகுசு விடுதியாயின. அவ்வாண்டு காமன்வெல்த் மாநாட்டையொட்டி வந்த இரண்டாம் எலிசபெத் அரசியார் அங்கு தங்கினார். 2015-இல் விடுதி மூடப்பட்டது. அதன்பின் கவனிப்பாரற்றுப் பாழடைந்த மாளிகைகளைச் சீரமைக்கும் பொறுப்பை அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் ஏற்றது. இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். சுவரும் கூரையும் புதுப்பிக்கப்படுவது போலவே சொல்லப்படும் வரலாறும் முழுமை பெறவேண்டும் என்பதற்காகவே இந்தச் சாசனம்.

எங்கள் நியாயம்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களும் ஒரு கோரிக்கைப் பட்டியல் வைத்திருந்தார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். மே மாதம் அவர்களின் தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டார். அன்றைய ஹைகமிஷனர் ஷென்டன் தாமஸ் படையை அனுப்பினார். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1949 மே 4 அன்று, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்று ஹைகமிஷனராக இந்த கிங்ஸ் ஹவுஸில் குடியிருந்தவர் ஹென்றி கர்னி. அந்தச் சிறையும் இன்று இடிக்கப்பட்டுவிட்டது.

1957 ஆகஸ்ட் 5-இன் கையெழுத்து எங்கள் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. மெர்டேக்கா நாளிலோ அதற்குப் பின்போ இங்கு பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகனானது. அந்த விதியும் 1962-இல் குறுக்கப்பட்டது. முன்னரே பிறந்தவர்களில் ஏற்கெனவே குடியுரிமை இல்லாதோர் மனு கொடுத்துப் பதியவேண்டியிருந்தது. பாரம் நிரப்பத் தெரியாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், தோட்டத்தை விட்டு வெளியே போகாதவர்கள் பலர் விடுபட்டார்கள். அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டையே மிஞ்சியது. 1960-களின் இறுதியில் குடிமக்களல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆவணமின்றித் தவிக்கும் குடும்பங்கள் எங்களிடையே இன்றும் உள்ளன.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை நாடு நினைவுகூர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தக் கையெழுத்தால் வாழ்ந்தவர்களையும் வாடியவர்களையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும் என்கிறோம்.

கோரிக்கைகள்

1. இரு மாளிகைகளும் அவற்றின் வளாகமும் என்றென்றும் பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் தரும் முழுப் பாதுகாப்பும் அவற்றுக்கு வேண்டும். மீண்டும் விடுதியாகவோ வசதி படைத்தோரின் விருந்து மண்டபமாகவோ மட்டும் ஆகிவிடக் கூடாது.

2. ஒப்பந்தம் கையெழுத்தான வரலாற்றைச் சொல்லும் இடத்தில் குடியுரிமை வரலாற்றுக்குத் தனிக் காட்சிக்கூடம் அமையவேண்டும். அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையம், 1957-இன் விதிகள், 1962-இன் திருத்தம், சிவப்பு அட்டைக்காரர்களின் வாழ்க்கை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

3. 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும், அவசரகாலத்தில் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டதும் அங்கு சொல்லப்பட வேண்டும். கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைகள் ஒவ்வொன்றும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

4. இவ்வீடுகளைக் கட்டியவர்கள், தோட்டம் பேணியவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், காவல் நின்றவர்கள் யார் என்பதைப் பொதுப்பணித் துறையின் பழைய பதிவேடுகளில் தேடி வெளியிடவேண்டும். எந்த இனத்தவராயினும் கிடைக்கும் பெயர்கள் அனைத்தும் சுவரில் பொறிக்கப்பட வேண்டும்.

5. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் விளக்கப் பலகைகளும் ஒலி வழிகாட்டியும் வேண்டும். அந்தத் தமிழை மொழியறிந்தோர் எழுதிச் சரிபார்க்க வேண்டும். பிழை மலிந்த அறிவிப்பு எங்களை மதிப்பதாகாது.

6. தேசிய ஆவணக் காப்பகம், தோட்டங்களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளைத் தமிழிலேயே பதிவு செய்யவேண்டும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளேடுகளின் பழைய இதழ்களைத் திரட்டி மின்னாக்கம் செய்யவேண்டும். முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இந்தப் பணி இவ்வாண்டே தொடங்கவேண்டும்.

7. மலேசியக் குடிமக்களுக்கும் குடியுரிமைக்காகக் காத்திருப்போருக்கும் நுழைவு இலவசமாக இருக்கவேண்டும். மைகார்டு அடையாள அட்டையைக் கேட்டு, அது இல்லாதவரை இந்த வாசலிலும் நிறுத்தக்கூடாது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பாதுகாப்பான நடைபாதையும் இலவசப் பேருந்தும் வேண்டும்.

8. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து பார்க்க, போக்குவரத்துச் செலவோடு திட்டம் வகுக்கவேண்டும்.

9. கிள்ளானில் 1850-களில் எழுந்த ராஜா அப்துல்லா கிடங்குக்கும் இதே அக்கறை காட்டவேண்டும். 1880-இல் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறும்வரை சிலாங்கூரின் ஆட்சி நடந்த ஊர் கிள்ளான்.

10. காட்சியமைப்பை முடிவு செய்யும் குழுவில் வரலாற்றாய்வாளர்களோடு தொழிற்சங்கத்தினரும் முன்னாள் தோட்டத் தொழிலாளர்களும் வாக்குரிமையுள்ள உறுப்பினராக இருக்கவேண்டும்.

எங்கள் உறுதி

கேட்பதோடு நாங்கள் நின்றுவிட மாட்டோம். வீட்டுப் பெட்டிகளில் உள்ள கூலிப் புத்தகங்கள், கப்பல் சீட்டுகள், சங்க ரசீதுகள், நிழற்படங்கள் ஆகியவற்றை உரியவர் சம்மதத்தோடு படியெடுத்துத் தருவோம். மொழிபெயர்க்கவும் முதியவர்களை அழைத்து வரவும் ஆள் தருவோம். 2014-இல் விவேகானந்தா ஆசிரமத்தைக் காக்கத் திரண்ட பிரிக்பீல்ட்ஸ் மக்கள் இதற்கும் திரள்வார்கள்.

எந்தெந்தக் கோரிக்கை ஏற்கப்படுகிறது, எது மறுக்கப்படுகிறது, மறுப்புக்குக் காரணம் என்ன என்பதை ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். மலாய், சீன, தமிழ், பூர்வகுடி மக்கள் அனைவரையும் இதில் கையெழுத்திட அழைக்கிறோம். 1957-இல் ஆட்சியாளர்கள் கையெழுத்திட்ட மாளிகையைப் பற்றிய இந்தச் சாசனத்தில் குடிமக்கள் கையெழுத்திடட்டும். கைநாட்டு வைத்தாலும் அது முழுக் கையெழுத்தாகவே கொள்ளப்படும்.